துளைக் கூட்டம் கண்டு கூசுகிறவர்களுக்குப் பாம்பன் தீவில் ஒரு தங்கும் வீடு

மல்லிகைப் பதியன்களுக்குப் பேர்போன தங்கச்சிமடத்தில், பிரதான சாலையிலிருந்து வடகடல் பக்கம் இறங்கும் தெருவொன்றில், நான்கே அறைகள் கொண்ட தங்கும் வீடு ஒன்று இருக்கிறது. கீழே இரண்டு அறைகள், மாடியில் இரண்டு, பின்கட்டில் அடுப்படி, அதையொட்டி எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய கூடம், அவ்வளவுதான் வீடு. இருக்கிற அறைகள் தெரிந்தவர்கள் சொல்லியே நிரம்பிவிடுவதால் பெயரை எழுத வேண்டாம் என்று அதை நடத்தும் தம்பதியர் கேட்டுக்கொண்டார்கள். தொலைபேசி எண் வேண்டுவோர் கேட்டால் தனியே தருகிறேன். ஆடி அமாவாசையை ஒட்டி நானும் கணவரும் அத்தையும் அங்கே தங்கினோம். படுக்கை, சாப்பாடு, தண்ணீர், வாடகை என எல்லோரும் பார்ப்பவற்றையும் சொல்கிறேன் என்றாலும், இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நெருக்கமாகக் கூடியிருக்கும் சிறு துளைகளைக் கண்டால் உடல் கூசிக் குமட்டும் தொந்தரவு எனக்கு உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் இந்தக் கடற்கரையில் நிம்மதியாகத் தங்கக்கூடிய இடம் எது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ட்ரிப்போபோபியா என்று அதற்குப் பெயர். ஒற்றைத் துளை என்னை ஒன்றும் செய்யாது; கிணற்றை எட்டிப் பார்ப்பேன், வளையம் வளையமாக நறுக்கி வறுத்த கணவாயை விரும்பிச் சாப்பிடுவேன். தேனடை, முற்றிய தாமரைக் காய், கறிக்கடையில் தொங்கும் இரைப்பையின் தேனடை போன்ற பகுதி, கரையேற்றிய படகின் அடிப்பலகையில் அப்பியிருக்கும் கொட்டலசு என்னும் சிறு ஓட்டுயிர்கள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டால் போதும், பிடரியிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்குவதுபோல் ஆகிவிடும். தலையைத் திருப்பிக்கொண்ட பிறகும் அந்த உருவம் இமைக்குள் நின்றுகொண்டு போக மறுக்கும். பாம்பைக் கண்டால் ஓடத் தோன்றும் பயம் அல்ல இது. அருவருப்போடு நெருங்கிய உறவுள்ளது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு சான்று தருகிறது: பாம்பு, சிலந்திப் படங்களைக் கண்டபோது விரிந்த கண்ணின் பாவை, துளைக் கூட்டங்களின் படங்களைக் கண்டபோது சுருங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் கோல், ஆர்னால்டு வில்கின்ஸ் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தாமரைக் காயின் படத்தைப் பார்த்த 286 பேரில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் சங்கடப்பட்டதாகச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் என் அளவுக்கு முற்றியிருக்காது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியல் இதைத் தனி நோயாகப் பெயர் சொல்லிச் சேர்க்கவும் இல்லை. ஆனால் அன்றாட வாழ்க்கையை மாதக்கணக்கில் முடக்கும் அளவுக்குப் போனால், குறிப்பிட்ட ஒன்றின்மீது ஏற்படும் அச்சம் என்ற வகையில் வைத்து மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள்.

தொந்தரவைவிடப் பெரிய தொந்தரவு, அதை மற்றவர்களிடம் சொல்ல வேண்டியிருப்பது. சொன்னதும் குறுக்கு விசாரணை தொடங்கிவிடும். அப்படியென்றால் இட்லித் தட்டு எப்படி, சல்லடை எப்படி, இடியாப்பம் பிழிவாயா மாட்டாயா என்று கேட்பார்கள். சல்லடை என்னைத் தொடுவதில்லை; அதன் துளைகள் ஒரே அளவில், சமதூரத்தில், ஆழமில்லாமல் இருக்கின்றன. தேனடை தொடுகிறது. ரவா தோசை, அதைச் சுட்டவர் கைக்கு ஏற்றபடி, சில நாள் தொடும், சில நாள் தொடாது. இதில் ஒரு விதி இருந்திருந்தால் கேட்பவர்கள் நம்பியிருப்பார்கள். விதி இல்லாததால் நடிப்பு என்கிறார்கள். சோதித்துப் பார்க்கவென்றே, மனிதத் தோலில் தாமரைக் காயை ஒட்டவைத்தது போன்ற படங்களைக் கைபேசியில் அனுப்பும் உறவினர்களும் எனக்கு உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மனம் சம்பந்தப்பட்ட தொந்தரவு என்று வாயெடுத்தால், கேட்பவர் அடுத்துச் சொல்லும் ஊர் ஏர்வாடியாகத்தான் இருக்கும். மனநோய் தீரும் என்று அங்குள்ள தர்காவுக்கு வருகிறவர்களின் நம்பிக்கையைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அவ்வூரின் தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் தப்ப வழியில்லாமல் 28 பேர் மாண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்துவிடவில்லை. அந்த நினைவு ஊர் முழுவதும் படிந்திருக்கும்போது, எனக்கு மனத்தளவில் ஒரு தொந்தரவு இருக்கிறது என்று முன்பின் தெரியாத விடுதிக்காரரிடம் தொலைபேசியில் சொல்வது லேசான காரியம் அல்ல. அதனால்தான் என் கணவர் வெளியிடங்களில் "அவங்களுக்குத் தோல் அலர்ஜி" என்று சொல்லி முடித்துவிடுவார்.

இந்தக் கடற்கரையோ என்னைப் போன்றவர்களுக்கு வாகானது அல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளையும் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கரையில் ஒதுங்கும் செத்த பவளத் துண்டு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கண்கள் இருக்கும். இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தத்திலிருந்து கோயில் வாசல் வரை கடைகளில் சோழி பதித்த கண்ணாடிச் சட்டங்களும் சிப்பி விளக்குகளும் தொங்கும். கடல் அழகு என்ற பெயரில் அதையெல்லாம் விடுதி அறைகளுக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறார்கள். முன்பு தங்கிய விடுதியொன்றில் கட்டிலின் தலைமாட்டில் வெள்ளைப் பவளக் கொத்தில் பல்பு பொருத்திய விளக்கு இருந்தது. அறையை மாற்றித் தரக் கேட்டபோது, வரவேற்பில் இருந்த இளைஞர் சிரித்துக்கொண்டே எல்லா அறையிலும் அதே விளக்குதான் என்றார். கல் பவளங்களை 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டதால், புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. சட்டம் என்னை நினைத்துப் போடப்படவில்லை என்றாலும், அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் முதல் பயன் எனக்குத்தான்.

தங்கச்சிமடத்து வீட்டுக்கு அறை கேட்டு நானே பேசினேன். அலர்ஜி என்று சொல்லாமல் உள்ளதைச் சொன்னேன். எதிர்முனையில் வீட்டுக்கார அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்க. அறையில எதையெதை எடுத்து வைக்கணும், சாப்பாட்டுல எது ஆகாது, அதை மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். ஏன் என்ற கேள்வி வரவே இல்லை. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார், இடையில், "ஜாலிக் கல்லு?" என்று அவராகவே கேட்டார். குளியலறைக் காற்றுக்காகச் சுவரில் வைத்திருக்கும் துளைக் கற்களைச் சொல்கிறார். எனக்கே அது நினைவில் இல்லை. அவருக்கு என் தொந்தரவு புரிந்ததா என்றால் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஒருநாள் அவரே, "என்னான்னு எனக்கு வெளங்கல, ஆனா உங்களுக்கு ஆகலன்னா ஆகல" என்று சொன்னார். புரிந்துகொண்டதாகச் சொல்லிவிட்டு விளக்கை எடுக்காதவர்களைவிட இவர் எனக்கு மேலானவர். இந்த வீட்டுக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்த ஓர் அழைப்புக்கே போய்விடுகிறது.

மாடி அறை சிறியது. இரண்டு கட்டில், ஒரு மர அலமாரி, சிவப்புச் சிமெண்டுத் தரை. வடக்குச் சன்னலைத் திறந்தால் தென்னைகளுக்கு அப்பால் பாக் நீரிணை தெரியும். ஆடிக் காற்று தென்கடலில் அடித்துக்கொண்டிருக்க, பெண் கடல் என்று இவர்கள் சொல்லும் இந்தப் பக்கம் குளம்போல் கிடந்தது. சுவரில் ஆணி அடித்த தடமும் சட்ட அளவுக்கு வெளிறாத சுண்ணாம்பும் இருந்ததிலிருந்து, அங்கே தொங்கிய சிப்பிக் கண்ணாடியை எங்களுக்காகக் கழற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. குளியலறையில் கதவுக்கு மேலிருந்த ஜாலிக் கற்களை, பழைய மாதக் காலண்டர் தாளின் எழுத்தில்லாத பின்பக்கம் உள்ளே தெரியும்படி ஒட்டி மூடியிருந்தார்கள். நான்கு ஓரமும் மைதாப் பசை தடவி, சுருக்கம் விழாமல் நீவி ஒட்டிய வேலை அது. உப்புத் தண்ணீர் ஓடும் ஊரில் ஷவரின் முகம் எப்படியிருக்கும் என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து, நான் பார்க்கவே கூடாத பொருளாக ஆகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயும் வாளியும் எவர்சில்வர் செம்பும் வைத்திருந்தார்கள். நான் பட்டியலில் சொல்ல மறந்த தரை வடிகால் மூடியின்மேல் ஒரு தட்டைக் கல் இருந்தது. தண்ணீர் சற்று மெதுவாக வடிந்தது, பரவாயில்லை.

சாப்பாடு இந்த வீட்டின் பலம். அடுப்படியைப் பார்ப்பவர் கீழக்கரையிலிருந்து வந்து சமைக்கும் ஓர் அம்மாள். வீட்டில் எல்லோரும் அவரை லாத்தா என்றே அழைக்கிறார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். காலையில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் என்று கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது, ஏனெனில் ஆப்பத்தின் நடுப்பகுதி என் பட்டியலில் முதல் வரிசையில் இருப்பது. லாத்தா என் தட்டில் வைத்தது, நடுப்பகுதி உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, மொறுமொறுப்பான ஓரம் மட்டும் வெளியே தெரிய, மடிப்பின்மேல் கரண்டியால் லேசாக அழுத்திய ஆப்பம். "பிரிக்காமச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டார். விவரம் தெரிந்த நாளாய் ஆப்பத்தை ஒதுக்கியே வந்த நான் அன்று பாலில் தொட்டுச் சாப்பிட்டேன். புளிப்பு சரியாக ஏறிய மாவு, ஓரத்தில் முறுகல், உள்ளே பஞ்சு. இட்லி மாவைக் கரைத்து ஊற்றிவிட்டு ஆப்பம் என்று விற்கும் கடைகளுக்குப் பழகிய நாக்குக்கு இது வேறு பண்டம்.

மதியம் மீன் குழம்பு. விளமீன் அன்று வந்திருந்தது. புளி தூக்கலாக, எண்ணெய் மிதக்காமல், தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு. கணவாய் வறுவல் கேட்டால் கால்களை நறுக்கி நீக்கிவிட்டு உடல் பகுதியை மட்டும் எனக்குத் தனியாக வறுத்தார்கள், ஏனெனில் காலில் வரிசையாக இருக்கும் உறிஞ்சுக் குழிகள் எனக்கு ஆகாது. கடைசி இரவு வட்டலப்பம் செய்வதாகச் சொன்னபோது வேண்டாமென்றேன். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி சேர்த்து ஆவியில் வேகவைக்கும் அந்த இனிப்பை வெட்டினால் பக்கமெல்லாம் கண்கண்ணாய் இருக்கும் என்பது என் பழைய அனுபவம். லாத்தா ஒரு தொழில் விளக்கம் சொன்னார்: அனல் கூடினால் கலவை கொதித்துக் கண் விழும், சிறு தீயில் மெல்ல வேகவைத்தால் விழாது. "செல பேரு கண்ணு விழுந்தாத்தான் வட்டலப்பம்னு சொல்லுவாக. எனக்கு அது தீயப் பாக்காத கை." அன்று வந்த துண்டு அல்வா போல வழவழப்பாக, பக்கவாட்டில் ஒரு குழிகூட இல்லாமல் இருந்தது. ஏலம் சற்றுக் குறைவு, கருப்பட்டி மணம் கூடுதல். இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேன். அமாவாசை அன்று வெங்காயம் சேர்க்காத சைவச் சமையலுக்கு முதல்நாளே சொல்லி வைத்திருந்தோம், செய்து தந்தார்கள். ஆனால் கூடம் அடுப்படியை ஒட்டியிருப்பதால் மீன் வாடை முழுமையாக விலகாது. விரதமிருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்தக் கூடத்தில்தான் அத்தை ஒன்றைச் சொன்னார். என் தொந்தரவைப் பற்றி இத்தனை வருடம் அவர் கருத்துச் சொன்னதில்லை. லாத்தா வட்டலப்பத்தின் கண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "அம்மை வார்த்த உடம்பப் பாத்தா எங்களுக்குக் கூசும்ல, அது மாதிரிதான் இவளுக்குப் போல" என்றார். பெரியம்மைத் தழும்பு முகங்களோடு வளர்ந்த தலைமுறை அவருடையது. இந்தியாவில் அந்த நோய் 1975-இல்தான் ஓய்ந்தது. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் குப்ஃபர், ஆன் லே இருவரும் முன்வைத்த விளக்கமும் ஏறக்குறைய இதுவே: அம்மை, சிரங்கு, தோலில் அண்டும் ஒட்டுண்ணிகள் ஆகியவற்றிலிருந்து விலகி நிற்க உடல் பழகிய அருவருப்பு, தீங்கில்லாத துளைகளின்மீதும் தாவி மிகைப்படுகிறது என்கிறார்கள். நச்சு உயிர்களின் உடற்கோலத்தோடு இந்த உருவங்கள் ஒத்திருக்கின்றன என்ற எசெக்ஸ் விளக்கத்தைவிட எனக்கு இதுதான் பொருந்துகிறது, ஏனெனில் எனக்கு வருவது ஓட்டம் அல்ல, அரிப்பு.

தனுஷ்கோடிக்குப் போக வீட்டுக்காரரின் தம்பி தம் ஆட்டோவில் அழைத்துப் போனார். அந்தச் சேவையும் இந்த வீட்டின் பகுதி என்பதால் சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் பவளக் கற்களால் கட்டப்பட்டவை. பூச்சு உதிர்ந்துபோனதால் ஒவ்வொரு கல்லின் பூப்பூவான கண்களும் வெளியே தெரியும். எல்லோரும் அருகில் நின்று படமெடுக்கும் இடம் அது. "அந்தச் செவரு வர்றப்பச் சொல்றேன், இந்தப் பக்கம் கடலப் பாத்துக்கங்கக்கா" என்றார் தம்பி. மதுரையில் நான் பார்க்கும் உளவியலாளர் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி தருகிறார். முதலில் கோட்டோவியம், பிறகு மங்கலான படம், பிறகு தெளிவான படம், கடைசியில் பொருள். ஆகவே தீவின் கோடியான அரிச்சல்முனையிலிருந்து திரும்பும்போது, தூரத்தில் நிறுத்திச் சுவரைப் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். சாலையோரம் நிறுத்தினார். அங்கிருந்து அது வெறும் பழைய சுவர்தான், கல்லின் கண்கள் தெரியவில்லை. சற்று முன்னே எடுக்கச் சொன்னேன், எடுத்தார். மேலும் சற்று முன்னே என்றதும் கை மயிர் எழுந்தது, போதும் என்றேன், உடனே வண்டியைத் திருப்பிவிட்டார். காத்திருந்ததற்குக் கூடுதல் காசு கேட்கவில்லை. நாங்களாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

இதே தம்பியைப் பற்றித்தான் என் பெரிய குறையும். வேறு அறையில் தங்கியிருந்த ஒரு குடும்பத்திடம் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறுநாள் காலை கூடத்தில் ஓர் அம்மா, நல்ல மனதோடுதான், "உங்களுக்குத்தான் ஓட்டையப் பாத்தா ஆகாதாமே?" என்று கேட்க, அவர்கள் வீட்டுப் பையன் கைபேசியில் எதையோ தேடத் தொடங்கினான். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அக்காவிடம் சொன்னேன், அவர் தம்பியைக் கூப்பிட்டுக் கண்டித்தார், தம்பிக்கு என்ன தவறு என்றே புலப்படவில்லை. கரிசனத்தோடு செய்கிறவர்களுக்கு, அதை வெளியே பேசாமல் இருப்பதும் செய்வதில் ஒரு பகுதி என்று தோன்றுவதில்லை. உங்கள் தொந்தரவு என்னவாக இருந்தாலும், அறை கேட்கும்போதே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்பதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக: குளிக்கும் நீர் உப்பு, குடிக்கக் கேன் தண்ணீர் வைக்கிறார்கள். மின்சாரம் போனால் விளக்கு எரியும், விசிறி ஓடாது. படி செங்குத்து, முழங்கால் வலி உள்ள அத்தை ஒவ்வொரு முறையும் சலித்துக்கொண்டே ஏறினார். துவாலை ஒன்றுதான், கேட்டால் இன்னொன்று வரும். வாடகை சாதாரண நாட்களில் 1,500 ரூபாய், அமாவாசை நாட்களில் 2,200; சாப்பாடு தனி. கோயிலுக்கு ஆட்டோவில்தான் போக வேண்டும் என்பதால், விடியற்காலை தீர்த்தமாட விரும்புகிறவர்கள் முந்தைய இரவே வண்டிக்குச் சொல்லி வைப்பது நல்லது.

என் போன்ற தொந்தரவு உள்ளவர்கள் மாடி வடக்கு அறையை மட்டும் கேளுங்கள். கீழ் அறைகளின் சன்னல் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்து இருக்கிறது. அது பூச்சில்லாத பழைய பவளக்கல் மதில், சன்னலுக்குத் திரை கிடையாது. திரை போடச் சொல்லியிருக்கிறேன், கார்த்திகைக்குள் போட்டுவிடுவதாக அக்கா சொல்லியிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு மேல் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள்.